லாவும் லாமும்

பக்கத்துக்கு இருபத்தைந்து வெள்ளி.
புக்கிட் ஜெலுத்தோங் மாவட்ட மன்றத்தின்
போக்குவரத்துத் திட்ட வரைவு,
மலாயிலிருந்து தமிழுக்கு,
திங்கட்கிழமைக்குள்.

ஆறாம் இயல் வரை தூக்கம்தான் எதிரி.
ஏழு புள்ளி நான்கில் பேனா நின்றது.

ஒன்பதாம் கட்டைத் தோட்ட நுழைவாயிலில்
பாதசாரிக் கடவையும் நிழற்குடையும் அமைக்க,
போன வருட வரைவில்
ஹெண்டாக்லா.
இந்த வருடம்
போலே.

யாரும் எதையும் நீக்கவில்லை.
கூரை இருக்கிறது, இரண்டு விளக்கு இருக்கிறது,
சக்கர நாற்காலிக்குச் சரிவுகூட
அதே மில்லிமீட்டரில்.
வினை மட்டும் தளர்ந்திருக்கிறது,
நாடா போன காற்சட்டை மாதிரி.
தமிழ்க் காதில் விழுந்தால்
கடவை போலே ஒன்று,
நிழற்குடை போலே ஒன்று.

ஹெண்டாக் என்றால் விருப்பம்.
பின்னால் ஒரு லா ஒட்டினால் சட்டம்.
எங்களுக்கும் அப்படித்தான்.
'கடவை வேண்டும்' என்றால் பரிமளாவின் ஆசை,
'அமைக்க வேண்டும்' என்றால் மன்றத்தின் கடன்.
ஆனால் எங்கள் லா வேறு குணம்.
ஒரு மகர மெய்யைக் கூட்டிக்கொண்டு வரும்,
ஒட்டிய வினையை அவிழ்த்துவிட்டுப் போகும்.
அமைக்கலாம்.
பார்க்கலாம்.
அடுத்த நிதியாண்டில் யோசிக்கலாம்.

பரிமளாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
காலை ஆறே முக்காலுக்கு
சாலையின் அந்தப் பக்கம் இறங்கி
செம்பனைக் குலை லோரிகளுக்கு நடுவே
ஓடலாம், நிற்கலாம்,
திரும்பவும் நிற்கலாம்.
லோரிக்காரன் வேகத்தைக் குறைக்கலாம்.
மார்ச் மாதம் அவள் அண்ணன் மகன் கோபிநாத்துக்கு
குறைக்கவில்லை.
இடது கால், இரண்டு இடத்தில்.
போலீஸ் அறிக்கையில்
'பாதசாரி கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்று
ஒரு வேண்டும் இருக்கிறது.
அதை யாரும் தளர்த்தவில்லை.

தொலைபேசியில் பூவான் நோராய்னி பொறுமையாகச் சொன்னார்:
கட்டாயம் என்று எழுதி, காசு வராவிட்டால்,
மன்றமே தன் திட்டத்தை மீறியதாகிவிடும்.
போலே என்றால் காசு வருகிற அன்று கட்டலாம்.
அவர் சொன்னதில் பொய் இல்லை.
அதுதான் தொல்லை.

கோபத்தோடு பக்கத்தைத் திருப்பினால்
ஏழு புள்ளி ஆறு.
பேருந்துகள் குறித்த நிறுத்தங்களில் மட்டுமே நிற்க
ஹெண்டாக்லா.
இங்கே மட்டும் பல் முளைத்திருக்கிறது.
அப்படியானால் பாக் சமட்?
மழை கொட்டினால் ஒட்டுக்கடை வாசலிலேயே
ஹாரன் அடித்து ஆள் ஏற்றுகிறவர்.
டயாலிசிஸ் முடிந்து வரும் பச்சையப்பனை
லயத்து வளைவில், வீட்டுக்கு நேராக,
இறக்கிவிடுகிறவர்.
முப்பது வருடமாக அந்த வழித்தடம்
அவருடைய லாமில்தான் ஓடுகிறது.

பத்து நிமிடம் முன்னால்
லாமைக் கெட்ட சொல் என்று
முடிவு கட்டியிருந்தேன்.

இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் போதும்.
சாலை கடப்பவளுக்கு அந்த லா,
பாக் சமட்டுக்கு இந்த லாம்.
இரண்டு விகுதி. அரை நிமிட வேலை.
மொழிபெயர்ப்பாளர் செய்யக் கூடாத வேலை.

செய்யவில்லை.
'அமைக்கலாம்' என்றே எழுதினேன்.
பக்கத்தில் பொடி எண் ஒன்று,
அடியில் ஒரு வரி:
முந்தைய வரைவில், அமைக்க வேண்டும்.

குறிப்புச் சேர்க்க அனுமதி உண்டா என்று
ஒப்பந்தத்தைப் புரட்டினேன்.
அது வாயே திறக்கவில்லை.
அதற்கு எந்த விகுதி போடுவது?

மணி ஆறு நாற்பத்தெட்டு.
கடைவீட்டு மாடி ஜன்னலுக்குக் கீழே
தொழிற்சாலை பஸ் போய்விட்டது.
சாலையின் அந்தப் பக்கம் ஒரு நீலச் சீருடை.
ஒரு லோரி.
இன்னொரு லோரி.
நீலம் இன்னும் அங்கேயே.