நானூறு மில்லி ஆம்பியர்

முதல் வேலை, வண்டியை ஏமாற்றுவது.
கதவைத் திறந்து வைத்து,
பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி,
சாத்தியாயிற்று என்று நம்பவைப்பேன்.
பானட்டுக்கும் அதே பொய்.
டிக்கிக்கும்.
பிறகு சாவியோடு தள்ளிப் போய் நிற்க வேண்டும்.
இருபத்தெட்டு வருடத்துப் பெரிய வீட்டு வண்டி,
கைப்பிடியைத் தொட்டால்கூட முழித்துக்கொள்ளும்.

வெல்கா ரொட்டிக்கடைக்காரி.
ரீகா ஏலத்தில்
ஒரு பழைய அடுப்பின் விலைக்கு எடுத்தாள்.
பன்னிரண்டு சிலிண்டர், வால்நட் பலகை,
பின்சீட்டில் எவ்வளவு கால் நீட்டினாலும்
முன்சீட்டு எட்டாது.
மூன்று மாதத்தில் மூன்று பேட்டரி.
"ராத்திரி யாரோ வந்து
குடிச்சிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றாள்.
மாவு விரல் பதிந்த பில்களைப் பரப்பினாள்.
எனக்கு முன்னால் பார்த்தவன்
ஆல்டர்னேட்டரை மாற்றியிருக்கிறான்.
அவனுக்கும் முன்னால் பார்த்தவன் சொன்னது: குளிர்.
குளிர் என்ன செய்யும் பாவம்,
லியெபாயாவில் எது கெட்டாலும்
அதன் தலையில்தான் விடியும்.

மீட்டரைப் பேட்டரிக்கும் எர்த் கம்பிக்கும்
நடுவில் வைத்தேன்.
எட்டு ஆம்பியர்.
ஐந்து.
ஒன்றரை.
உள்ளே எங்கோ ஒரு ரிலே டக்கென்றது,
கடைசி ஆள் விளக்கணைத்தது போல.

மோத்ரிஸ் டீ போட்டான். குடித்தோம். ஆறியதையும் குடித்தோம்.
காற்று பிறக்கும் ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
அன்று இரட்டைப் பிரசவம் போல,
கூரைத் தகரம் முழுக்க வீறிடல்.
அரை மணி நேரம் கழித்து
புள்ளி நாலு இரண்டு.
அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

கள்ளத் தூக்கம்.
கண்ணை மூடிக்கொண்டு
ஏதோ ஒன்று காது கொடுத்திருக்கிறது.

ஃப்யூஸை உருவக் கூடாது, எழுந்துவிடும்.
ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு புள்ளி உண்டு.
அதில் மீட்டர் முள்ளை வைத்து
நாடி பார்க்க வேண்டும்.
ஏழு, சும்மா.
பன்னிரண்டு, சும்மா.
பத்தொன்பதில் என் முழங்கை கைப்பிடியில் இடித்து
சீட்டு முதல் கடிகாரம் வரை எல்லாம் எழுந்தது.
திட்டுவதற்கு லாட்விய மொழி போதவில்லை.
ரஷ்யனில் கடன் வாங்கினேன்.
மறுபடி எட்டு ஆம்பியர். மறுபடி டீ.

நாற்பத்தொன்றில் துடித்தது.
கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால்
டிக்கிக் கம்பளத்தடியில்
உள்ளங்கைச் சூட்டோடு ஒரு தகரப் பெட்டி.
டெலிபோன்.
அது பேசிவந்த அலைவரிசையை
ஜெர்மனியில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.
இதனிடம் யாரும் சொல்லவில்லை.

பின்சீட்டின் கைச்சாய்வைத் திறந்தால்
ரிசீவர், பச்சை எழுத்து.
யாரோ ஒருவரின் ஏழு எண்கள்.
ஆபீஸ். பல் டாக்டர்.
ஹெல்கா வீடு.
ஹெல்கா இன்னொரு வீடு.
கடைசிப் பெயர்: எடுக்காதே.
வெல்கா சிரித்துவிட்டு அதையே அழுத்தினாள்.
'தேடுகிறது' என்றது திரை.
சிரிப்பு நின்று,
மூன்று பேரும் கொஞ்ச நேரம்
நிஜமாகவே காத்திருந்தோம்.

இணைப்பைப் பிடுங்கினேன்.
மீட்டர் இறங்கி
புள்ளி பூஜ்யம் மூன்றில் நின்றது.
"பெட்டியை எடுத்துட்டுப் போறீங்களா?"
"எனக்கெதுக்கு? அந்த இடத்துல
ரெண்டு தட்டு பன் வைக்கலாம்."

காலையில் முதல் திருகலில் கிளம்பியது.
வெல்கா ஹாரன் அடித்துவிட்டுப் போனாள்.
மோத்ரிஸ் பில் எழுதி முடிக்கவில்லை,
அதற்குள் திரும்பி வந்து நின்றது வண்டி.
வலது பின்கண்ணாடி தானாக இறங்கியதாம்,
ஏற மாட்டேன் என்கிறதாம்.
தூறல் சாய்வாக உள்ளே விழுந்து
பன் தட்டின் மேல் போர்த்திய துணி
புள்ளி புள்ளியாகக் கறுத்துக்கொண்டிருந்தது.
"இதுவும் டெலிபோனா?"
"இது வேற" என்றேன்,
சாவிக்குக் கை நீட்டி.