சாய்ந்தால் போதும்

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிடும்வரை
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு நாய் மணலைத் தோண்டியது,
கிடைக்கவில்லை,
நாலடி தள்ளிப் போய் மறுபடி தோண்டியது.

நான் பில்லிங்கில் இருந்தவன். ஆறு வருஷம்.
இந்த விரல்கள் இருநூற்றுப் பதினேழு பேருக்குப்
பித்தப்பை எடுத்திருக்கின்றன,
ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல்.
மயக்க மருந்துக்கு ஒரு வரி, தையலுக்கு ஒரு வரி,
மூன்று நாள் படுக்கை, கஞ்சி,
வீடு திரும்ப ஆட்டோ முப்பது ரூபாய்.
ஆட்டோவைச் சேர்த்தது என் யோசனை.
அதைப் படித்தால் யாருக்கும் சந்தேகம் வராது.
அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சோனங்குப்பத்தில் கண் முகாம்.
ஷாமியானா, டீ, ஆளுக்கொரு பன்.
அஞ்சலாட்சியின் கட்டைவிரலை
இயந்திரம் மூன்று தடவை ஏற்கவில்லை.
ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.
"செதிலு ஆயஞ்சே ரேகை போயிடுச்சி தம்பி,
நல்லா அழுத்திப் புடி" என்றாள்.
பிடித்தேன்.
ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்து அனுப்பினோம்.

பதினோரு மாதம் கழித்து
வலது விலாவுக்குக் கீழே நிஜமாகவே வலித்தது அவளுக்கு.
காப்பீட்டு அட்டையை நீட்டியிருக்கிறாள்.
கவுன்டர் பெண் திரையைப் பார்த்துச் சொன்னாளாம்:
"பித்தப்பையத்தான் போன ஐப்பசியிலயே எடுத்தாச்சே?"
அங்கேயே நின்று வயிற்றைத் தடவிப் பார்த்திருக்கிறாள்,
மடியில் வைத்த சாவியைத் தேடுவதுபோல.
தழும்பு இல்லை.
கல் இருந்தது.
தோட்டை அடகு வைத்துத்தான் எடுத்தாள் அதை.

"இது சிவில் கேஸும்மா" என்றார்
அரசு வக்கீல் தெய்வசிகாமணி.
"ஜெயிலு வேற கோர்ட்டு.
இங்க, வாங்கினத வட்டியோட கீழ வைக்கணும்,
மேல அபராதம். அவ்ளோதான்.
துளிச் சந்தேகமும் இல்லாம நிரூபிக்கணும்னு இல்ல,
தராசு நம்ம பக்கம் கொஞ்சம் சாஞ்சாப் போதும்."

துறைமுகத்தில் முப்பது வருஷம் தராசு பிடித்தவள்
அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.
"சாய வெக்க எத்தினியோ வழி இருக்கு சார்.
தட்டுக்கு அடியில புளி ஒட்டுவானுங்க.
அதையும் பாப்பீங்களா?"

அவளுடைய ஸ்கேன்
வாதி தரப்புச் சான்றாவணம் பதினான்கு.
நீதிபதி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
வெந்த மீனின் கண் மாதிரி
வெள்ளையாய் உள்ளே கிடந்தது கல்,
எடுத்ததாக நான் தட்டிய தேதிக்குப் பிறகும்.

"ஒரு கேஸுக்கு உமக்கு எவ்வளவு?"
குறுக்கு விசாரணையில் கேட்டார்கள்.
ஐம்பது ரூபாய்.
யாரோ பின்னால் சிரித்தார்கள்.
மொத்தம் பத்தாயிரத்து எண்ணூற்று ஐம்பது.
மிக்ஸி வாங்கினேன். இன்னும் ஓடுகிறது.
அதை எழுத்தர் பதிவு செய்யவில்லை.

தராசு சாய்ந்தது.
தீர்ப்பில் வட்டி விகிதம் இருந்தது, கெடு இருந்தது,
பணம் போய்ச் சேரவேண்டிய கணக்கின் தலைப்பு இருந்தது.
அஞ்சலாட்சியின் பெயர் ஒரே ஒரு இடத்தில்,
அதுவும் அஞ்சலட்சுமி என்று.
"எனக்கு?" என்று கேட்டாள்.
"நீங்க வாதி இல்லையேம்மா."

வாசலில் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.
"என்ன எத்தினி நாளு படுக்க வெச்ச?"
மூணு நாள்.
"கஞ்சி?"
வேளாவேளைக்கு.
"ம்ம்" என்றாள். "மூணு நாளு.
புள்ள பெத்தப்பகூட நான் அப்படிப் படுத்ததில்ல."
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துவிட்டு,
"ஆட்டோக் காசு குடுத்ததா எழுதினியாமே, குடு."

சட்டைப்பையில் ஒரே ஒரு ஐம்பது ரூபாய்த் தாள்.
வாங்கிக்கொண்டாள்.
சுருக்குப்பையை அவிழ்த்து
இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைத் தேடி எடுத்து
என் உள்ளங்கையில் வைத்து
அழுத்திவிட்டுப் போனாள்.