பதினாறு வெள்ளை

பல் செய்கிறவள் நான்.
சாஸ்கட்டூனில், இருபதாம் தெருவில்,
ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் பட்டறை.
பதினாறு வெள்ளை தொங்கும் சாவிக்கொத்து மாதிரி ஒன்று
என் மேலங்கிப் பையில் எப்போதும்.
ஏ-ஒன்று, ஏ-இரண்டு, பி-ஒன்று…
கடைசியில் டி-நான்கு, காப்பி குடித்தே வாழ்ந்தவர்களுக்கு.

முல்லை அரும்பென்று பல்லைப் பாடிய தமிழில்
எந்த முல்லை, எத்தனை மணி முல்லை என்று
ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.
(அந்தியில் பறித்ததற்கும் விடிந்தபின் வாடியதற்கும்
குறைந்தது மூன்று எண் வித்தியாசம்.)

பக்கத்து வீட்டு ஒரெஸ்ட் ஹ்லாடி
வேலிக்கு மேலே நீட்டிய பியோனி
இப்போது ஊறுகாய் ஜாடியில், சமையல் மேசையில்.
ஜூன் மாதம். இரவு ஒன்பதாகியும்
மேற்கு ஜன்னலில் வெயில்.

முதல் தாள் பாழ்.
நிழலென்றால் சாம்பல் என்று நினைத்துக்
கறுப்பைக் கரைத்தேன்.
பூ, வாரக்கணக்கில் துவைக்காத வேட்டி ஆயிற்று.
நடுவில் தூரிகையை டீயில் வேறு முக்கிவிட்டேன்.
டி-நான்கு.

இரண்டாம் தாளில் நீலம் மட்டும். கோபால்ட்.
அழகாகத்தான் வந்தது,
ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மறந்த பூ.
பல்லில் இந்தப் பிழையை நான் விட்டதேயில்லை.
பளீரென்று வேண்டும் என்று வந்த வீட்டுத் தரகரிடம்
எவ்வளவு திடமாகச் சொன்னேன்:
ஈறோரம் கொஞ்சம் மஞ்சள் இல்லாவிட்டால்
அது பல் இல்லை, பீங்கான் கோப்பை.
நுனியில் கொஞ்சம் நீலம் ஓடாவிட்டால்
வாய் மூடிய பிறகும் அது சிரித்துக்கொண்டிருக்கும்.

சொன்ன வாய் என்னுடையது.
கைக்குத்தான் காது கேட்கவில்லை.

மூன்றாம் தாள்.
இதழ் காம்புக்குள் இறங்குமிடத்தில்
மஞ்சள், காவி ஒரு சொட்டு,
உள்ளங்கைச் சூட்டின் அளவு.
வெளிமடிப்பு ஜன்னலுக்கு முதுகு காட்டுமிடத்தில்
நீலத்தில் ஊதா தொட்டு, ஈரம் காயுமுன் விட்டேன்.
இரண்டும் ஒன்றையொன்று தொட்டன.
சண்டையில்லை.
பின்னால் பச்சையை இருட்டாக இழுத்ததும்
நான் தொடாமல் விட்ட இடம்
எழுந்து உட்கார்ந்தது.

ஹ்லாடியின் முன்பல் இரண்டில் ஒன்று
போன வருஷம் நான் செய்தது.
பூவை நீட்டும்போது சிரித்தார்.
இடமா வலமா,
எனக்கே ஒரு நொடி தெரியவில்லை.
வேறென்ன கூலி வேண்டும் என்று
உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பியோனிக்குள்ளிருந்து
ஓர் எறும்பு இறங்கியது.
ஜாடி விளிம்பு, மேசை, தாள்.
ஈர நீலத்தில் நின்று, மீசையை உதறி,
அரைமணி நேரம் நான் காத்த வெள்ளையின்
நட்டநடுவே நடந்தது,
ஆறு காலாலும்.

துடைக்கத் துணியை எடுத்தவள்
அது அக்கரை சேரட்டும் என்று
துணியைப் பிடித்தபடியே நின்றேன்.