முகம் முன்னால்

கிச்சனர் நகரத்தில், பழைய பொத்தான் ஆலையின்
இரண்டாம் மாடியில் எங்கள் கடை.
எட்டு வரிசை, மூவாயிரத்துச் சொச்சம் சாமான்.
விற்பனைக்கு ஒன்றும் இல்லை.

ஒவ்வொருவரும் கழற்றித் தந்ததும்
அந்தக் கண்ணாடியின் பஞ்சை
ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது என் வேலை.
வியர்வை, பவுடர், மை,
ஒருமுறை குங்குமம்.

ஒரே ஓட்ஸ் பெட்டி
சிவப்பு, நீலம், பச்சை என மூன்று சட்டையில் நிற்கும்.
எதன்மேல் கண் எத்தனை நொடி,
எதை நோக்கிக் கை எத்தனை தரம்,
இவ்வளவுதான் கணக்கு.
வாய் சொல்வதை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

போன ஜனவரி, ஒரு வியாழன்,
முப்பத்துநான்காம் ஆளாக வந்தார் கேதீஸ்வரன்.
பூட்ஸை வாசலில் விட்டுவிட்டு
ஈரச் சாக்ஸோடு நின்றார்.
வயது ஐம்பத்திரண்டு.
மளிகைக் கடையில் வேலை செய்கிறீர்களா என்ற கேள்விக்கு
இல்லை என்று குறித்திருந்தார்.
பொய் என்று சொல்ல முடியாது.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
அவர் நிற்பது கடையில்;
சம்பளம் தருவது ஏஜென்சி.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கண்ணாடியை மாட்டினேன்.
முதலில் எல்லாரையும்போல் கையை நீட்டித் துழாவினார்.
அப்புறம் அவர் தோள் இறங்கியது,
வேலைக்கு வந்த தோள்.

"ஆர் பிள்ளை இதை இப்பிடி அடுக்கினது?"

யாரும் அடுக்கவில்லை, அண்ணா.
நிஜக் கடைபோல இருக்கட்டும் என்று
நிரல் எழுதிய பையன் கொஞ்சம் கலைத்துவிட்டிருந்தான்.
சிவப்பைத்தான் அதிகம் கலைத்திருந்தான்,
வேண்டுமென்றா, கை போன போக்கா, தெரியவில்லை.

பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.
சாம்பல் நிறக் கம்பளத்தின் நடுவே
ஒரு மனிதர் காற்றைத் திருப்பித் திருப்பி வைத்தார்.
என் திரையில் பெட்டிகள்
ஒவ்வொன்றாக முகம் முன்னால் வந்தன.
அடித்தட்டுக்கு மண்டியிட்டபோது
முழங்கால் சொடுக்கியது.
அந்த அறையில் அன்று கேட்ட
அசல் சத்தம் அது ஒன்றுதான்.

ஒரு பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார்.
திகதி தேடுகிறார்.
பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு,
கைக்குத் தெரிந்த வாய்ப்பாடு.
அடிப்பக்கம் வெறும் வெள்ளை.
யாரும் பார்க்கப்போவதில்லை என்று
யாரோ வரையாமல் விட்ட வெள்ளை.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.
பதினொரு நொடி என்று பதிவாகியிருக்கிறது.

பன்னிரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்தது.
கண்ணாடியைக் கழற்றியவர் வெட்கப்பட்டார்.
"வாங்க மறந்துபோனன், பிள்ளை."
பரவாயில்லை என்று
அறுபது டாலர் அட்டையைக் கையில் கொடுத்தேன்.
அதையும் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
அறிக்கைக்கு உதவும்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில்
அலமாரிப் படம் அடுப்புத் தணல்போல் தகதகத்தது.
சிவப்பை நாற்பத்தொரு முறை தொட்டிருக்கிறார் ஒருவர்,
என்ன ஒரு ஈர்ப்பு என்றாள் பிரென்னா.
நான் வாயைத் திறந்தேன்.
சொன்னால் முப்பத்துநான்கை அடித்துவிடுவார்கள்,
அறுபதைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள்.
காப்பி குடிக்கத்தான் திறந்தேன்
என்பதுபோல் குடித்தேன்.

ஏப்ரலில் சிவப்பு கடைக்கு வந்துவிட்டது.
சனிக்கிழமை போனேன்.
நூல் பிடித்த வரிசை,
ஒரு பெட்டிகூடத் திரும்பி நிற்கவில்லை.
இந்தக் கடைதான் அவருடையதா என்று
யாரிடம் கேட்பது,
பகலில் இருப்பவர்களுக்கு
இரவில் வருபவர்களின் பெயர் தெரியாது.
ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன்.
அடியில் திகதி இருந்தது,
அடுத்த வருடம் பெப்ரவரி.

நிமிர்ந்தால்
விலைப்பட்டைக்கு மேலே
மிளகளவு ஒரு கேமரா.

எத்தனை நொடி நின்றேனோ.
ஓட்ஸ் எனக்குப் பிடிக்காது.