நனையாத படகு

போர்ட் சயீதில் விடியுமுன்
எங்கள் படகைக் கொக்கியில் மாட்டித் தூக்கிவிடுவார்கள்.
பிறகு நாள் முழுக்க
கப்பலின் விலாவில் தொங்கியபடி
பாலைவனத்தைக் கடக்கும் அது,
தண்ணீரைத் தொடாமல்.

நானும் ஸக்லூலும் கயிற்றுச் சுருளின் பக்கத்தில்.
எங்களுக்கு வேலை வராமலிருப்பதே
எல்லோருக்கும் நல்லது.

பத்தொன்பது வருடம்.
ஒரு பெட்டியையும் திறந்து பார்த்ததில்லை.
உள்ளே என்ன என்பாள் நவால்.
உரம் என்பேன், செருப்பு என்பேன்,
எவளுக்கோ தைத்த கல்யாண உடுப்பு என்பேன்.
"சர்க்கரை?"

வலக்கரையில் தீவனப்புல் அறுக்கிறவன்
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
இருபது மாடி உயரம்
அவன் வரப்பை உரசிப் போகிறது.
இடக்கரையில் மணல், மணல், ஒரு காவல் கூண்டு.

திம்சா ஏரி தாண்டியதும் கம்சீன் எழுந்தது.
வானம் பழுப்பாகி
முன்னால் போன கப்பலை விழுங்கியது.
பைலட் கத்தினார்: கட்டு!

படகு இறங்கியது.
ஈரக் கயிறு, பிணம்போல் கனம்.
கண்ணில் மண்.
கரைத்தூணைக் கையால் தடவித்தான் கண்டேன்.
எங்களுக்குப் பின்னால்
ஒவ்வொன்றாக நின்றன கப்பல்கள்.
ஜெட்டாவில் ஒரு கிரேன் சும்மா நின்றிருக்கும்.
மொம்பாசாவில் ஒரு லாரிக்காரன்
இன்னொரு டீ சொல்லியிருப்பான்.
எல்லாம் என் முடிச்சில்.
ஸக்லூல் சிரித்தான், பல்லெல்லாம் மணல்.

மறுநாள் மாலைதான் சூயஸ்.
பஸ் நிலையக் கடையில்
ஒரு கிலோ சர்க்கரை கேட்டேன்.
விலை ஏறியிருந்தது.
"கப்பல் தாமதமாம்," என்றான் கடைக்காரன்,
கப்பலென்றால் என்னவென்று
எனக்கு விளக்குகிறவன்போல.

அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.