படிவத்தின் ஓரத்தில்

அறைக்கு வெளியே செருப்பை விட்டோம்.
நிரோஷன் விடவில்லை.
கழற்றினால் தரை படும்,
ஒரு மணி நேரம் அழுவான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
'போட்டுக்கிட்டே வரட்டும்' என்றாள் அந்தப் பெண்.
அதற்குள் எதையோ எழுதியும் விட்டாள்.

ஊட்டிப் பெரியாஸ்பத்திரி, மாடியறை.
கோத்தகிரி முதல் நடைக்கு இன்று வேறு கண்டக்டர்.
என் தோல்பை மட்டும்
பழக்கத்தில் தோளிலேயே இருக்கிறது.

மூன்று வயது, இரண்டு மாதம்.
எத்தனை வார்த்தை பேசுகிறான்?
மனைவி என்னைப் பார்த்தாள்,
நான் சுவரைப் பார்த்தேன்.
யாரோ ஒட்டிய ஒட்டகச்சிவிங்கிக்கு
ஒரு கால் உரிந்திருந்தது.
'அம்மா சொல்லுவான்' என்றாள் யோகேஸ்வரி.
'யாரைப் பார்த்து?'
கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:
'தகரத்துல மழை விழுறப்போ.'

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
ஆம். இல்லை. சில நேரம்.
சில நேரத்துக்குள் ஒளிந்துகொண்டே
பாதிப் பக்கம் கடந்துவிட்டோம்.

நீங்கள் விரல் நீட்டிக் காட்டினால்
அந்தப் பக்கம் பார்க்கிறானா?
எங்கள் லயத்தில் மூடுபனி மேடம்,
நீட்டின விரலே எனக்குத் தெரியாது என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
'தெளிஞ்ச நாள்ல?'
தெளிந்த நாளிலெல்லாம்
நான் பஸ்ஸில்தான் இருந்திருக்கிறேன்.

கட்டைகள் தந்து கோபுரம் கட்டச் சொன்னாள்.
அவன் படுக்கவைத்தான்,
ஒன்றன்பின் ஒன்றாக, மேசை விளிம்பு வரை.
நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி.
கட்டபெட்டு ஸ்டாப்பிங், என்று தோன்றியது எனக்கு.
அப்பன்காரனுக்கு அப்படித்தான் தோன்றும்.

முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொன்னாள்.
நிரோஷன்.
நிரோஷன்.
மூன்றாவது நான்,
கூட்டத்தில் டிக்கெட் கேட்கும் குரலில்.
மின்விசிறி இல்லாத கூரையை
அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கை தானாகப் பைக்குள் போயிற்று.
ஒரே ஒரு விசில்,
கட்டைவிரலால் பாதி அடைத்து.

திரும்பினான்.
முழு உடம்போடு திரும்பினான்.

யோகேஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.
நான் ஜெயித்தவன்போல் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.
அவள் தலையாட்டினாள்,
பெயருக்கு நேரே 'இல்லை' என்றே டிக் அடித்தாள்.
பிறகு கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
சின்ன எழுத்தில் 'விசில்' என்று எழுதினாள்.

'காது டெஸ்ட் தனியா எடுப்போம்.
பேருங்கறது அவனுக்கு இன்னும் வெறும் சத்தம்.
பேரைச் சொல்லுங்க, உடனே விசில் அடிங்க.
திரும்பினா பிடிச்சதைக் கையில குடுங்க.
போகப்போக விசிலைக் கொறைங்க.'
எவ்வளவு நாளில் என்றேன்.
'அவன்தான் சொல்லணும்.'

வியாழன்தோறும் வரவேண்டுமாம்.
வியாழன் எனக்கு இரட்டை நடை.
டிப்போவில் யாரிடம் மாற்றிக் கேட்பது?
பையனுக்கு என்ன என்பார்கள்.
என்னவென்று இவர்களே இன்னும் சொல்லவில்லை,
பார்ப்போம் என்கிறார்கள்,
பார்ப்பதற்கு ஒரு அட்டை தந்திருக்கிறார்கள்,
பன்னிரண்டு வியாழனுக்குக் கட்டம் போட்டு.

திரும்பும் பஸ்ஸில் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன்.
எத்தனை வருஷமாயிற்று, பயணியாக.
மைனலை தாண்டி மூடுபனி கண்ணாடியில் ஒட்டியது.
அவன் அதில் உள்ளங்கையை வைத்தான்,
எடுத்தான், வைத்தான்.
நிரோஷன், என்றேன் மெதுவாக.
அதே நொடியில் முன்னால் அந்தக் கண்டக்டர்
யாருக்கோ இறங்க விசில் அடித்தான்.

பையன் திரும்பினான்.
எதற்கென்று தெரியவில்லை.
பையைத் துழாவி,
இஞ்சிமிட்டாயைக் கையில் கொடுத்தேன்.