பரிசோதகர் 2316

ஹாலிஃபாக்ஸ், 1942, மார்ச்.
துறைமுகம் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம்
கறுப்புத் துணி அடித்திருந்தார்கள்.
கப்பல் எத்தனை நிற்கிறதென்று
எங்களுக்கும் தெரியக் கூடாதாம்.
மேசைக்கு ஒரு விளக்கு, ஒரு பசைக்குப்பி,
ஒரு சவர பிளேடு:
என் தம்பி முகம் மழிக்கிற அதே பிளேடு.

முதல் வாரம் கை கூசியது.
யாரோ குளிக்கிற அறைக் கதவைத் திறந்துவிட்டு
மன்னிப்புக் கேட்காமல் நிற்பது போல.
மூன்றாம் வாரம் டீ குடித்துக்கொண்டே படித்தேன்.
யாருக்கு மூலம், யாருக்குக் கடன்,
எவள் இரண்டு மாலுமிகளுக்கு
ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எழுதுகிறாள்.
ஊரே என் முன்னால் உடை மாற்றியது.
தெருவில் எதிர்ப்பட்டால்
நான்தான் தலை குனிந்தேன்.

மிஸ்டர் பிளாக்கடார் சொல்வார்:
"ஒரு கிழமை, ஒரு வானிலை, ஒரு எண்ணிக்கை.
மூன்றும் ஒரே தாளில் சேர்ந்தால்
எல்லாம் கடலடியில்."
பொய்யில்லை.
ஜனவரியில் எண்ணெய் போர்த்திய உடல்களைப்
படகுத்துறையில் இறக்கியதைப் பார்த்தவள் நான்.
ஒருவன் கையில் கரண்டி இருந்தது, இறுகிப்போய்.
அன்றிரவு பிளேடை மாற்றினேன்.
பழையதில் கூர் போதவில்லை.

பிரெஞ்சு தெரியும் என்பதால்
எங்கள் அகாடிய ஜனங்களின் கடிதங்கள் என் தட்டுக்கு வந்தன.
அவர்களுடைய எழுத்துப் பிழைகள்
என் அம்மா பேசுவது போலவே ஒலிக்கும்.
திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.
வெட்ட உண்டு.

ஆல்செட் கொமோ. கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுபவன்.
மெட்டேகனில் இருக்கும் தாய்க்கு எழுதுகிறான்.
தாள் தட்டுப்பாடு;
இரண்டு பக்கமும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தான்.
முதல் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி:
சனிக்கிழமை, மூடுபனி விலகினால், நாற்பத்தொன்று.
மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான், பாவி.
விரலகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டினேன்.
துண்டைத் தகர டப்பாவில் போட்டேன்.
ஐந்து மணிக்கு, வழக்கம்போல, டப்பா அடுப்புக்குப் போனது.
உறையை ஒட்டி
அதன்மேல் என் எண்ணை ஒட்டினேன்.

கப்பல் மூழ்கியது.
யார் சொல்லி?
எவரும் சொல்லாமலும் மூழ்கும்.
என் பிளேடு எத்தனை கப்பலைக் கரைசேர்த்ததென்று
கணக்கெழுதிய நோட்டு எங்கும் இல்லை.
சேர்த்திருக்கலாம்.
சேர்த்திருக்கும் என்றுதான் தூங்கப் போவேன்.

மே மாதம் ஒரு கடிதம்.
முகவரியில் பெயர் இல்லை, என் எண் மட்டும்.

"ஐயா,
சட்டம் தெரியும், எனக்குக் கோபமில்லை.
முன்பக்கம் நீங்கள் வெட்டியது தேதியாகத்தான் இருக்கும்.
அது எனக்கு வேண்டாம்.
பின்பக்கத்திலும் அதே ஓட்டை இருக்கிறது.
ஓட்டைக்கு மேலே,
'அம்மா, நான் உன்னிடம் ஒருநாளும் சொல்லாதது' என்றிருக்கிறது.
கீழே,
'அதனால் நாயைக் கட்டிப் போடாதே' என்றிருக்கிறது.
நடுவில் என்ன?
படித்தது நீங்கள் ஒருவர்தான்.
ஓசெலி கொமோ."

படித்திருப்பேன். படிப்பதுதானே வேலை.
அன்றைக்கு மட்டும் இருநூற்றுப் பதினாறு கடிதம்.
சனிக்கிழமை நினைவிருக்கிறது.
நாற்பத்தொன்று நினைவிருக்கிறது.
பின்பக்கத்தில் எதிரிக்கு உதவும் எதுவும் இல்லை என்று
முடிவு செய்ததுகூட நினைவிருக்கிறது.

இப்படி வருபவை சாம்பல் நிறப் பெட்டிக்குப் போக வேண்டும்.
பதில் எழுதினால் சிறை.
பெட்டியில் போடும் முன்
பழக்க தோஷம்,
தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

அவள் ஒரு பக்கம்தான் எழுதியிருந்தாள்.